மூணு தரம் அமுக்கு

உலகச் சந்தைகளின் விடுதலை வரலாறு எழுதப்படும் நாளில், அதன் முதல் பக்கத்தில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய பொருள் ஒன்று உண்டு. அது வாளல்ல, கொடியல்ல. கோடிக்கணக்கான போன்களைக் கட்டி ஆண்ட ஒரு பேரரசின் கோட்டைச் சுவரில் முதல் விரிசலை உண்டாக்கிய பொருள் அது.

அது ஒரு ஜட்டி. நீல நிறம். இடுப்பு எலாஸ்டிக் கொஞ்சம் தொய்ந்தது.

அதன் சொந்தக்காரன் ஒரு நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி. நிறுவனத்தில் மொத்தம் மூன்று பேர். அக்கா நிரல் எழுதுவாள், அத்தை குரல் கொடுப்பார், தம்பி தலைமை தாங்குவான். சாவிக்கடைக்கு மேலே முதல் மாடியில் இரண்டு நாற்காலி போட்ட ஓர் அறைதான் அலுவலகம். தம்பியின் விசிட்டிங் கார்டில் அது 'உலகத் தலைமையகம்' என்று இருக்கும். இரண்டாம் மாடியில் மூவரும் குடியிருந்தார்கள். அதற்கு மேலே மொட்டை மாடி. அங்கே துணி காயப்போடும் கொடி.

அவர்களுடைய செயலியின் பெயர் 'துணி எடு'. பெயரே வேலை. ஒரு தெருவில் முதல் சொட்டு விழுந்ததும் அந்தத் தெருக்காரர் யாராவது போனை எடுத்து 'விழுந்துருச்சு' என்கிற பொத்தானை அமுக்குவார். காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்துத் தெருக்களில் உள்ள போன்களிலெல்லாம் பத்து நிமிடம் முன்னதாக அத்தையின் குரல் கேட்கும். "மழை வருது! துணிய எடு! எந்திரி!"

அத்தைக்குக் காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் விடுகிற வேலை. அதிகாலையில் போய்ப் பதினொரு மணிக்குத் திரும்புவார். நாற்பது லாரிகளின் இரைச்சலைத் தாண்டிக் கடைசி வரிசை வியாபாரியின் காதில் விலையைப் போட்டுப் பழகிய தொண்டை. அந்தக் குரல் போனில் கேட்டால் குளித்துக்கொண்டிருப்பவர்கூடத் துண்டோடு மாடிக்கு ஓடுவார். மூன்று வருடத்தில் நாற்பதாயிரம் பேர் இந்தத் திட்டை வாங்குவதற்கு வருடச் சந்தா கட்டினார்கள்.

ஒரே சிக்கல், மைக்கை நீட்டினால் அத்தைக்குக் குரல் எழும்பாது. "எல்லாருக்கும் வணக்கம்" என்று பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நிற்கிற மாதிரி கீச்சுக் குரலில் தொடங்குவார். உண்மையாகவே கோபம் வந்தால்தான் அந்தக் குரல் வரும். எனவே ஒலிப்பதிவு நாட்களில் அத்தையைக் கோபப்படுத்துவது தலைமைச் செயல் அதிகாரியின் பொறுப்பு. அவன் தன் துணியை மட்டும் கொடியிலேயே விட்டுவிட்டுச் சாவகாசமாக வந்து உட்காருவான். அக்கா பதிவுக் கருவியை ஓடவிட்டிருப்பாள். மீதியை அத்தை பார்த்துக்கொள்வார். நிறுவனத்தில் தம்பி ஒரு நாளும் தவறாமல் செய்த வேலை இது ஒன்றுதான்.

செயலி மக்களைச் சென்றடைய ஒரே வழி, போனுக்குள் இருந்த பெரிய கடை. அதற்கு வேறு அழகான பெயர் உண்டு. அத்தை 'பெரிய கடை' என்றே சொன்னதால் வீட்டில் எல்லோருக்கும் அது பெரிய கடைதான். போனைச் செய்ததும் அவர்களே, கடையை வைத்ததும் அவர்களே, யார் உள்ளே வரலாம் என்று வாசலில் நின்று பார்ப்பதும் அவர்களே. விற்கிற ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு முப்பது அவர்களுக்கு.

இதை முதல் முறை கேட்டபோது அத்தை கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"முப்பதா! நான் எட்டு எடுக்கறதுக்கே அந்த வெங்காயக்காரன் என்னைய ரத்தக்காட்டேரிங்கறான். சரி, முப்பது எடுக்கறவன் லாரியில இருந்து மூட்டையாவது இறக்குவானா?"

"இல்ல அத்தை. நாமதான் இறக்கி, நாமதான் அடுக்கணும்," என்றாள் அக்கா.

"எடை?"

"நாமதான். அதுபோக வருஷத்துக்கு ஒரு தடவ நுழைவுக் கட்டணம் தனி."

அத்தை டீயை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார். "அந்தாளு யார்கிட்டடா தொழில் கத்துக்கிட்டான்?" என்று பிறகு கேட்டார். குரலில் கோபத்தைவிட மரியாதைதான் தூக்கலாக இருந்தது.

மூன்றாவது வருடக் கடைசியில் பெரிய கடை தன் புதிய போன்களை அறிமுகம் செய்தது. கால்சட்டைப் பையில் கைவிட்டபடி ஒருவர் மேடையில் உலவினார். மனித வாழ்வை மாற்றப்போகும் ஒன்றைக் கண்டுபிடித்திருப்பதாகச் சொல்லி, கண் கலங்குவதற்குக் கொஞ்சம் இடைவெளி விட்டார். கண்டுபிடிப்பின் பெயர் 'மேகத் தோழி'. இனி எல்லா போன்களிலும் அது இலவசமாகவே இருக்கும். ஒருவர் பொத்தானை அமுக்கினால் அடுத்த தெருவுக்குச் செய்தி போகும்.

அக்கா திரையை நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தாள். பொத்தானுக்கு மேலே ஒரு துணி கிளிப் படம். மூன்று வருடத்துக்கு முன்பு அவள் தன் செயலிக்கு அவசரத்தில் கிளிப் வரைந்தபோது ஸ்பிரிங் போட மறந்திருந்தாள். மேகத் தோழியின் கிளிப்பிலும் ஸ்பிரிங் இல்லை.

"படத்தக்கூட மாத்தல பாரு," என்றாள்.

மேகத் தோழி பேசியது. மயிலிறகால் வருடுகிற குரல். "வணக்கம். உங்கள் பகுதியில் மழைப்பொழிவுக்கான சாத்தியம் உள்ளது. ஆடைகள் உலர்த்தப்பட்டிருப்பின், அவற்றைக் குறித்துச் சிந்திக்க இது நல்லதொரு தருணமாக அமையலாம்."

"சிந்திச்சிக்கிட்டே நிப்பான்," என்றார் அத்தை. "துணி நனஞ்சு தொலையும்."

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. 'அன்புள்ள படைப்பாளரே' என்று தொடங்கி, 'உங்கள் பயணத்தில் என்றும் உடன்நிற்கும்' என்று முடிந்தது. இடையில் இருந்த விஷயம் இதுதான்: போனில் ஏற்கெனவே உள்ள ஒரு வசதியை 'துணி எடு' நகலெடுப்பதாகத் தெரிகிறது. ஏழு நாளில் அது கடையிலிருந்து நீக்கப்படும். அடுத்த முப்பது நாளில், வாங்கியவர்களின் போன்களிலும் அது திறக்காது. விரும்பினால், பயனர்களிடம் விடைபெறும் ஒரேயொரு கடைசிப் பதிப்பை ஏற்றிக்கொள்ளலாம்.

"நாம செஞ்சு மூணு வருஷம் ஆச்சு, அவங்க செஞ்சு மூணு வாரம் ஆகுது. நாம எப்படிடா நகலெடுப்போம்?" என்றாள் அக்கா.

"முன்கூட்டியே எடுத்திருக்கோம்கா," என்றான் தம்பி.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் நிலைக்கவில்லை. இந்தச் செயலிக்காக அவள் வங்கி மென்பொருள் வேலையை விட்டுவந்திருந்தாள். அங்கே கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு, ஒரே படிவத்தின் ஒரே கட்டத்தை ஐந்து வருடம் நகர்த்தி நகர்த்தி வைத்தவள் அவள். செயலி போனால் மறுபடியும் அந்த அட்டைதான், அந்தக் கட்டம்தான். எதற்கும் இருக்கட்டும் என்று பழைய இடத்துக்கே விண்ணப்பம் போட்டாள். ஏழாம் நாள் நேர்காணலுக்கு வரச் சொன்னார்கள்.

தம்பி மேல்முறையீட்டில் இறங்கினான். 'மாட்சிமை தாங்கிய மதிப்பாய்வுக் குழுவுக்கு' என்று பதினோரு பக்கம் எழுதினான். நான்கு நொடியில் பதில் வந்தது. 'உங்கள் ஏமாற்றத்தை நாங்கள் உணர்கிறோம். முடிவில் மாற்றமில்லை.' பதினான்கு பக்கம் எழுதினான். மூன்று நொடியில் அதே பதில் வந்தது.

"அக்கா, இந்தத் தடவ ஒரு நொடி சீக்கிரம். நம்ம கேஸ் பழகிடுச்சு போல."

"போன் போட்டுப் பேசேன்டா," என்றார் அத்தை.

"நம்பர் கிடையாது அத்தை."

"நேர்ல போய்ப் பாரு."

"ஆள் கிடையாது."

"ஆளே இல்லாத கடையா!" அத்தைக்கு மறுபடியும் அந்த மரியாதை வந்துவிட்டது. "சண்டைக்கு வர்றவனுக்கு ஒரு முகம்கூட இல்லாம வெச்சிருக்கான் பாரேன்."

அக்காவுக்கு ஒரு வழி தோன்றியது. சொந்தமாக ஓர் இணையப் பக்கம் திறந்து, துணிஎடு டாட் நெட் என்று பெயர் வைத்து, செயலியை அங்கே போட்டாள். பெரிய கடையைத் தொடாமல் நேரே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் இரண்டு முட்டுக்கட்டைகள் இருந்தன. ஒன்று, அப்படியொரு பக்கம் இருப்பதைச் செயலிக்குள் 'எழுத்தாலோ, படத்தாலோ, பொத்தானாலோ, இணைப்பாலோ, சூசகமாகவோ' சொல்லக்கூடாது என்று விதி. இரண்டாவது, வெளியிலிருந்து எதை எடுத்தாலும் போன் மூன்று முறை மிரட்டும். 'இது எங்கள் கடையிலிருந்து வரவில்லை' என்று முதலில். 'இதனால் உங்கள் போனுக்கு ஆபத்து நேரலாம்' என்று அடுத்து. 'உறுதியாகவா? நன்றாக யோசித்தீர்களா?' என்று கடைசியாக, சிவப்பில்.

"நாற்பதாயிரம் பேருக்கும் சொல்லவும் முடியாது, சொன்னாலும் பயந்துருவாங்க," என்றாள் அக்கா. "கௌரவமா நன்றி சொல்லிட்டுக் கிளம்புவோம்."

ஐந்தாம் நாள் பிற்பகல் விடைபெறும் செய்தியைப் பதிவு செய்ய உட்கார்ந்தார்கள். கடைசிப் பதிப்பில் அடுத்த மழை எச்சரிக்கையாக அதுதான் ஒலிக்கும். 'இத்தனை நாள் எங்களோடு துணி எடுத்ததற்கு நன்றி' என்று அக்கா ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தாள். தம்பி பழக்க தோஷத்தில் தன் நீல ஜட்டியைக் கொடியிலேயே விட்டுவந்திருந்தான். விடைபெறுகிற நாளில் யாரும் கோபப்பட வேண்டியதில்லை என்பது அவனுக்குத் தோன்றவில்லை.

அத்தை மாடியிலிருந்து இறங்கி வந்தார். கருவி ஓடிக்கொண்டிருந்தது.

"டேய்! இந்த நீல ஜட்டிய இன்னும் எத்தன வருஷம்டா நான் எடுத்து மடிக்கறது? முப்பத்தி நாலு வயசாகுது, தலைமை அதிகாரியாம்! எலாஸ்டிக் போயி ஒரு வருஷமாச்சு, அதையும் நான்தான் பார்க்கணுமா? மூஞ்சிய ஏன்டா தொங்கப் போட்டிருக்க? பெரிய கடைக்காரன் வெளிய போன்னா போக வேண்டியதுதானே! நமக்குன்னு சொந்தப் பக்கம் இல்லையா? துணிஎடு டாட் நெட், அங்க வந்து எடுத்துக்கட்டும்!"

"போன் மூணு தடவ பயமுறுத்துது அத்தை..."

"பயமுறுத்தட்டும்டா! மூணு தடவதானே? சந்தையில நான் விடாத மூணு தரமா? அமுக்கு, ஒரு தரம்! அமுக்கு, ரெண்டு தரம்! அமுக்கு, மூணு தரம்! சரக்கு உன்னோடது, எடுத்துட்டுப் போயிட்டே இரு! இப்ப போயி அந்த ஜட்டிய எடு!"

தான் சிரித்த சிரிப்பில் பதிவு கெட்டுவிட்டதோ என்று அக்கா பயந்தாள். கெடவில்லை. பிறகு அத்தையைச் சமாதானப்படுத்தித் தண்ணீர் கொடுத்து, கீச்சுக் குரலில் அந்த நன்றியையும் பதிந்தார்கள். ஒன்பது நொடி.

இங்கேதான் தலைமை தன் வேலையைக் காட்டியது. ஏழாம் நாள் காலை அக்கா நேர்காணலுக்குக் கிளம்பும்போது, "நன்றி சொல்ற பதிவ ஏத்திடு, மறந்துடாத," என்று சொல்லிப் போனாள். தம்பி அதற்குள் தன் ஏழாவது மேல்முறையீட்டை முடித்திருந்தான். இந்த முறை அத்தையின் ஆவேசத்தையே சாட்சியமாக இணைக்கத் திட்டம். சட்ட மரபுப்படி இரண்டு பதிவுகளின் பெயரையும் மாற்றினான். ஒன்று 'சான்றாவணம் அ'. மற்றது 'சான்றாவணம் ஆ'. எது எதுவென்று குறித்துவைத்த தாளில் டீ டம்ளரை வைத்தான், ஈரத்தில் எழுத்து கலைந்துபோனது. சாட்சியத்தைக் கடைசிப் பதிப்பிலும், நன்றியை மேல்முறையீட்டிலும் ஏற்றிவிட்டு, கடமையை முடித்த நிறைவில் முடிவெட்டிக்கொள்ளப் போனான்.

பெரிய கடையின் சோதனை இயந்திரம் கடைசிப் பதிப்பைப் பிரித்துப் பார்த்தது. புதிய எழுத்து இல்லை, படம் இல்லை, பொத்தான் இல்லை, இணைப்பு இல்லை. சூசகம் இருக்கிறதா என்று தேடியது. அதுவும் இல்லை. அத்தை வாழ்நாளில் எதையும் சூசகமாகச் சொன்னதில்லை. ஒரு செயலிக்குள் அத்தை இருக்கக்கூடும் என்பது விதியை எழுதியவர்களுக்குத் தோன்றவேயில்லை. 'ஏற்கப்பட்டது. தெளிவான உச்சரிப்புக்குப் பாராட்டுகள்' என்றது இயந்திரம். மேல்முறையீட்டுக்கும் உடனே பதில் வந்தது. 'உங்கள் நன்றியைப் பெற்றுக்கொண்டோம்.'

மதியம் மூன்று மணிக்கு ஊரின் மேற்கு ஓரத்தில் முதல் சொட்டு விழுந்தது. யாரோ பொத்தானை அமுக்கினார்கள்.

அப்போது தம்பி முடிவெட்டும் கடை நாற்காலியில், பாதித் தலை வெட்டியும் பாதி வெட்டாமலும், கழுத்துவரை வெள்ளைத் துணியில் இருந்தான். காத்திருந்த நான்கு பேரின் போன்களும் கடைக்காரரின் போனும் ஒரே நேரத்தில் வாய் திறந்தன.

"டேய்! இந்த நீல ஜட்டிய இன்னும் எத்தன வருஷம்டா நான் எடுத்து மடிக்கறது?"

கடைக்காரரின் கத்தரி நின்றது. ஐந்து அத்தைகளும் ஜட்டியிலிருந்து எலாஸ்டிக்குக்கும், எலாஸ்டிக்கிலிருந்து பெரிய கடைக்கும் போய், ஒரு தரம், ரெண்டு தரம் என்று எண்ணி முடித்தார்கள். காத்திருந்த ஒருவர் சிரித்துச் சிரித்துப் புரையேறி, "யாருய்யா அந்தத் தலைமை அதிகாரி? பார்த்தா ஒரு எலாஸ்டிக் வாங்கிக் குடுக்கணும்," என்றார்.

கடைக்காரர் கண்ணாடியில் தம்பியைப் பார்த்தார். தம்பி வெள்ளைத் துணியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"சார், காது ஏன் இப்படிச் செவந்திருக்கு? கத்தி பட்டுருச்சா?"

மழை கிழக்கே நகர நகர, அத்தையும் அதற்குப் பத்து நிமிடம் முன்னால் தெருத் தெருவாக நகர்ந்தார். பள்ளிக்கூட வாசலில், பேருந்தில், மருந்துக்கடை வரிசையில், மாடிக்கு மாடி ஒரே குரல். மக்கள் துணி எடுக்க ஓடினார்கள். எடுத்துக்கொண்டே பக்கத்து மாடியைப் பார்த்து, "உங்க போன்லயும் வந்துச்சா?" என்று கத்தினார்கள். செயலியே இல்லாதவர்களும் கூப்பிட்டுக் கேட்டார்கள். துணிகளை மார்போடு அணைத்தபடி ஒரு கையால் துணிஎடு டாட் நெட் என்று தட்டினார்கள். போன் மிரட்டியது. "ஒரு தரம்!" என்று மாடி முழுக்கச் சேர்ந்து சொல்லி அமுக்கினார்கள். மறுபடி மிரட்டியது. "ரெண்டு தரம்!" சிவப்பில் வந்த மூன்றாவது மிரட்டலுக்காக ஆவலோடு காத்திருந்து, வந்ததும் கைதட்டினார்கள்.

வங்கியில் அக்காவிடம், ஐந்து வருடத்தில் தங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார் மேலாளர் அம்மா. அவருடைய கைப்பைக்குள்ளிருந்து அத்தை பேசினார். அக்காவுக்கு முதல் வரியிலேயே எல்லாம் விளங்கிவிட்டது. மேலாளர் அம்மா முழுவதையும் வாய் பிளந்து கேட்டார். பிறகு, "ஐயோ, என் துணி!" என்று எழுந்து வீட்டுக்குப் போன் போடப் போய்விட்டார். அக்கா தன் சான்றிதழ்களை மடியில் அடுக்கி, மழை பார்க்க வெளியே வந்தாள்.

வீடு திரும்பியபோது தம்பி பாதி முடியோடு படியில் உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, மன்னிச்சிரு. டீ டம்ளர்..."

"எத்தன பேர் நம்ம பக்கத்துக்கு வந்திருக்காங்க, பார்த்தியா?"

"பார்க்கல. பார்க்கற நிலைமையிலயா இருக்கேன்?"

அக்கா போனைக் காட்டினாள். அறுபத்தோராயிரம். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இன்னும் ஏறியது. அத்தை எட்டிப் பார்த்து எண்ணை இரண்டு தரம் படித்துவிட்டு, தம்பியின் பாதித் தலையைத் தடவிக் கொடுத்தார். "மீதியையும் வெட்டிட்டு வாடா, அசிங்கமா இருக்கு," என்றார். அன்றைக்கு மூன்று பேரும் நனைந்துகொண்டே மொட்டை மாடியில் நின்று டீ குடித்தார்கள். டம்ளரில் மழை விழுந்து டீ குறையவேயில்லை.

பத்தாம் நாள் பெரிய கடையிலிருந்து போன் வந்தது. ஒரு மனிதர். மனிதர்தான் என்பதை உறுதி செய்ய அக்கா அவரை இருமச் சொல்லிக் கேட்டாள்.

"மேடம், மேகத் தோழிய யாரும் கேக்க மாட்டேங்கறாங்க. நல்லாப் பேசுது, ஆனா துணி நனையுது. நீங்க திரும்பக் கடைக்கு வரணும். முகப்புலயே வைக்கிறோம். கமிஷன்கூடப் பேசலாம்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்க வீட்லயும் அந்த... டாட் நெட்தான் மேடம். என் பொண்டாட்டி மூணு தரமும் சத்தமா எண்ணித்தான் அமுக்கினா."

அக்கா அத்தையைப் பார்த்தாள். அத்தை விரல்களால் எட்டு காட்டினார்.

"எழுத்துல அனுப்பறோம் சார்," என்றாள் அக்கா. அன்று மாலையே அனுப்பினாள். 'அன்புள்ள கடைக்காரரே, உங்கள் ஏமாற்றத்தை நாங்கள் உணர்கிறோம். நூற்றுக்கு எட்டு. முடிவில் மாற்றமில்லை. உங்கள் பயணத்தில் என்றும் உடன்நிற்கும், துணி எடு.' கடைக்காரர்களுக்கு இந்த முறை நான்கு நொடியில் பதில் எழுதத் தெரியவில்லை. பதினெட்டு நாள் ஆனது. சரி என்று எழுதியிருந்தார்கள். சொந்தப் பக்கத்தை மூடச் சொன்னார்கள். அதை மட்டும் அக்கா மூடவில்லை.

இப்போது நிறுவனத்துக்கு நாற்காலிகள் ஐந்து. ஸ்பிரிங் இல்லாத கிளிப்தான் அடையாளச் சின்னம். பழைய வங்கி வேலையின் அடையாள அட்டைக் கயிற்றில் அக்கா மொட்டை மாடிச் சாவியைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். சந்தையில் வெங்காயக்காரர் அத்தையை 'குரலரசி' என்கிறார். எட்டைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

போன மாதம் தொழில்முனைவோர் மாநாடு ஒன்றில் தம்பி பேசினான். தலைப்பு, 'ஏகபோகத்தை எதிர்கொள்ளல்: ஒரு தலைவனின் வியூகம்.' கோட்டு போட்டிருந்தான். விதியின் நுண்ணிய இடைவெளியைப் பல மாதம் ஆராய்ந்து, உரிய ஒலிக்கோப்பை உரிய தருணத்தில் ஏற்றியதாகச் சொன்னான். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. கேள்வி நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, அந்த நீல ஜட்டியை இப்போது யார் மடிக்கிறார்கள் என்று கேட்டாள்.

அத்தைதான் மடிக்கிறார்.